பாட்டு எழுதினவரின்ட பேரையும் சொல்லுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்குப் பாட்டெண்டா வரிதான் முதல், மெட்டு பிறகுதான். அதிலயும் ஆகப் பிடிச்சது எங்கட திருகோணமலைச் சிவன் கோணேசர்மேல சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில பாடின தேவாரம், 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' எண்டு வருமே, கடல் முத்தைக் கொண்டுவந்து கரையில ஒதுக்குதாம், கோயிலடியில நிண்டு கீழ அலை அடிக்கிற சத்தத்தோட அந்த வரியைப் பாடிப் பாருங்கோ, அவ்வளவு வடிவு (அவர் இங்க வராம இராமேஸ்வரத்தில இருந்தே பாடினவர் எண்டுதான் சொல்லுறவை). கடைசிப் பாட்டில தன்ர பேரையும் வச்சிருக்கிறார்.

இப்ப ரேடியோவில படத்தின்ட பேர், பாடினவரின்ட பேர் சொல்லுறாங்க, எழுதினவரை விட்டுடுறாங்க, கேக்கேக்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அறிவிப்பாளர்மார் தயவுசெய்து அதையும் சொல்லுங்கோ. உங்கட ஞாயிறு பேப்பரிலயும் கிழமைக்கு ஒரு பழைய பாட்டை விளக்கத்தோட போடுங்கோவன், பிள்ளையளும் வாசிக்கும்.

வாசகி, திருகோணமலை