கயலுக்கு, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை அப்பாவும் நானும் கேட்டோம். "தாத்தாவுக்கு இனிப்புநீர், உங்களுக்கு, மாமாவுக்கு. அடுத்தது நான்தானே? எச்சில் அனுப்பி மரபணுச் சோதனை செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். பயந்திருக்கிறாய் என்று தெரிகிறது. இத்தனை வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த நோய்க்கு ஒரே ஒரு மரபணு காரணம் இல்லை கண்ணு. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் இந்த நோயோடு தொடர்புடைய ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். பரவலாகக் காணப்படுபவற்றில் அதுதான் மிக வலுவானது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கும்; அந்த வேறுபாடு ஒரு பிரதியில் இருந்தால் நோய் வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்காகும், அவ்வளவுதான். மற்றவை இன்னும் சின்னவை. 2024இல் வெளிவந்த ஆய்வில் 25 லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவலைச் சேர்த்துப் பார்த்து இந்த நோயோடு தொடர்புடைய 611 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் உள்ள வேறுபாடு நோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் அல்லது கொஞ்சம் குறைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது எஸ்எல்சி30ஏ8. கணையத்தில் இன்சுலினைச் சேமிக்கும் பைகளுக்குத் துத்தநாகத்தைக் கொண்டுபோகும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. அதன் ஒரு பிரதி வேலை செய்யாமல் போனவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 65 விழுக்காடு குறைவு என்று 2014இல் தெரிந்தது. கெட்டுப்போன பிரதி ஆளைக் காக்கிறது! இந்தத் தேடலின் பெரிய பயன் இதுதான் என்பேன். எந்த வழியாக மருந்து கொடுக்கலாம் என்று அது காட்டுகிறது. உனக்கு நோய் வருமா வராதா என்று உறுதியாகச் சொல்ல அதனால் முடியாது.

இன்னொன்று. இந்த ஆய்வுகளில் நீண்ட காலம் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்தான் இருந்தார்கள். 2011இல் தெற்காசியர்களிடம் தேடியபோது புதிதாக ஆறு இடங்கள் கிடைத்தன. அதில் சிங்கப்பூர் இந்தியர்களும் பங்கேற்றிருந்தார்கள். இங்கே சிங்கப்பூரில் நம்மவர்களுக்கு இந்த நோய் சீனர்களைவிட அதிகம். அதனால்தான் எஸ்ஜி100கே ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தேன். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று ஒரு லட்சம் பேரின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் திட்டம் அது. நம் ரத்தம் அதில் இல்லாவிட்டால் நமக்கான பதிலும் அதில் இருக்காது.

சரி, உன் விஷயம். எச்சில் சோதனைக்குப் பணத்தைக் கொட்டாதே. நிலா வயிற்றில் இருந்தபோது உனக்குச் சர்க்கரை ஏறியதே, அது அந்தச் சோதனையைவிட அதிகம் சொல்கிறது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பார்க்க ஒல்லியாக இருக்கிறோம் என்றும் இருந்துவிடாதே. நம் போன்ற ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ எண்) 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

இந்த வாரமே பெர்த்தில் உன் டாக்டரிடம் போய் ஹெச்பிஏ1சி எடு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை அது. கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி அவர் கேட்காவிட்டாலும் நீயே சொல். முடிவு வந்ததும் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, அவருடைய அம்மாவுக்கும் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா