ஜிம்னி புக் செய்துவிட்டேன், திட்டாதே

வத்தலக்குண்டு,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள குமரேசா,

நேற்று போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. மாருதி ஜிம்னி புக் செய்துவிட்டேன் என்றதும், மஹிந்திரா தார் வைத்திருக்கிற நீ, "ஜிம்னியா? அதற்கு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கியிருக்கலாமே மாப்ளே" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் உன் வீட்டுக்கு யாரோ வந்துவிட்டார்கள், நீயும் வைத்துவிட்டாய். போனில் சொன்னால் எப்படியும் பாதியில் குறுக்கே விழுவாய், எழுதினால் முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு வலது முழங்கால் இன்னும் சரியாகவில்லை, ஆபரேஷன் என்ற வார்த்தையைச் சொன்னாலே எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விடுகிறார். மகள் கோவையில் இரண்டாம் வருடம். தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பு பாதி முடிந்தது. மிளகு இந்த வருடம் கொத்துக் கொத்தாய்ப் பிடித்திருக்கிறது, தை கடைசியில் பறிக்க ஆள் கிடைக்க வேண்டும், அதுதான் கவலை. காட்டெருமை இரண்டு தினமும் வாழைக்குள் வந்து நின்று, வீட்டுக்காரரைப் போல என்னை முறைத்துப் பார்க்கின்றன.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

அப்பாவின் ஜீப்பை விற்ற பிறகு இந்த ஆறு வருடமாக நான் செய்வது உனக்குத் தெரியும். காரைத் தாண்டிக்குடியில் நிறுத்திவிட்டு, தோட்டத்துக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு வாடகை ஜீப்பைக் கெஞ்சுவது. டிரைவர் நல்ல மனிதர்தான், ஆனால் பறிப்புக் காலத்தில் ஊரே அவரைக் கூப்பிடும், நான் மூட்டையோடு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பேன். அதனால் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் வலு போகிற ஃபோர் வீல் வண்டி வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடுகிறேன், நிலக்கோட்டை ஆபீஸுக்குப் போய்வர, அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போக, சந்தை, கல்யாணம், காதுகுத்து. அதில் மண் பாதை போக 3, வர 3, ஆக மொத்தம் 6. மீதி அத்தனையும் தார் ரோடு. (தார் ரோட்டுக்குத் தார்தானே வேண்டும் என்று சொல்லாதே, அந்த ஜோக்கை என் மச்சினன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.)

தீபாவளிக்கு நீ ஊருக்கு வந்தபோது இரண்டு நாள் உன் தாரைக் கொடுத்தாயே, அதைத் தோட்டத்துக்குக் கொண்டு போனேன். முந்தின ராத்திரி நல்ல மழை. மலை ஏறும்போது, உண்மையைச் சொல்கிறேன், சொக்கிப்போனேன். 2.2 லிட்டர் டீசல், 130 குதிரை சக்தி, 300 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 1600 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே முனகாமல் ஏறியது. ஜிம்னியில் 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, 134 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4000 வரை முறுக்கினால்தான். ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டாவது கியருக்கு இறங்கி, எஞ்சின் கத்தி, அப்புறம்தான் ஏறுகிறது. இதில் உன்னோடு சண்டை போட மாட்டேன். ஐந்து கியர்தான் இருப்பதால் நாலுவழிச்சாலையில் 100-ஐத் தொட்டால் சத்தம் உள்ளே வந்துவிடுகிறது, அதுவும் உண்மை.

ஆனால் மண் பாதைக்குள் நுழைந்ததும் கதை வேறு. உனக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கிறதா, ஒரு பக்கம் அப்பா கட்டிய கல் கட்டு, இன்னொரு பக்கம் பெரிய சில்வர் ஓக்? நம் பழைய ஜீப் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு போகும். உன் தாரின் அகலம் 1820 மி.மீ., ஜிம்னி 1645. வித்தியாசம் ஏழு அங்குலம்தான், காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அங்கே போய் நின்றால் அந்த ஏழு அங்குலம் தெரியும். கண்ணாடியை மடக்கி, மனைவியை இறங்கி முன்னால் நின்று கை காட்டச் சொல்லி, ஈர மண்ணில் வண்டி அரை அடி கல் பக்கம் நழுவி... குமரேசா, உன் வண்டியில் இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறதே, வாட்டர் வாஷ் செய்த இடத்தில் யாரோ இழுத்துவிட்டார்கள் என்று சொன்னேனே, அது அங்கே நடந்தது. இதை உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. பெயிண்ட் செலவு என்னுடையது.

அடுத்தது ஓடை. அங்கே பாதை பாறை மேல் கோணலாக ஏறுவதால் எந்த வண்டியானாலும் ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் அந்தரத்தில் நிற்கும். சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல்; அது சாதாரணமாக இருக்கிற வண்டியில் தொங்குகிற சக்கரம்தான் சும்மா சுற்றும், தரையில் இருக்கிற சக்கரத்துக்கு வலு போகாது. உன் தாரில் பின்பக்க டிஃபரன்ஷியல் தானாக லாக் ஆகிவிடுகிறது. சக்கரம் லேசாகச் சுற்றியது, அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஏறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் நண்பர் ஒருவரின் ஜிம்னியை வாங்கிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். அதில் அந்த லாக் கிடையாது, அதற்குப் பதிலாகச் சுற்றுகிற சக்கரத்தை பிரேக்கே பிடித்து நிறுத்தி வலுவை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. முதல் தடவை சக்கரம் சுற்றியதும் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டேன், வண்டி பின்னால் வந்துவிட்டது. இரண்டாவது தடவை ஃபோர் லோவில் (நாலு சக்கரத்துக்கும் வலு, மெதுவான ஓட்டம்), முதல் கியரில், காலை ஒரே அளவில் வைத்து, அசையாமல் காத்திருந்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் கடகடவென்று பிரேக் வேலை செய்யும் சத்தம், அப்புறம் ஆமை மாதிரி மெதுவாக மேலே வந்தது. இந்த ஓடையில் உன் வண்டிக்குத்தான் மார்க் அதிகம். ஜிம்னிக்குப் பொறுமை வேண்டும், ஆனால் ஏறுகிறது.

ஏறுவதற்குக் காரணம் எடை. 1.2 டன்தான். உன்னுடையதைவிட ஏறக்குறைய அரை டன் குறைவு. சேற்றில் தார் புதைந்து போகிற இடத்தில் இது மேலோடு மேலாகப் போய்விடுகிறது. டயரும் ஒல்லி, 195 அகலம், 15 அங்குல ரிம், பார்க்க நோஞ்சானாகத்தான் இருக்கிறது, ஆனால் காற்றை 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கிவிட்டு ஓட்டிப் பார். சேற்றில் ஏறும் வித்தை பாதி டயர் காற்றிலும் மீதி லோ கியரிலும்தான் இருக்கிறது, குதிரை சக்தி பிறகு வந்தால் போதும். திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்ற வேண்டும், அதற்கு ஒரு சின்னப் பம்பு வாங்கியாகிவிட்டது. தரையிலிருந்து உயரம் ஜிம்னிக்கு 210, தாருக்கு 226, அந்த 16 மில்லிமீட்டரால் எனக்கு எங்கும் இடிக்கவில்லை. ஓடைத் தண்ணீருக்குத் தார் 650 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது, சரி, நம் ஓடையில் அவ்வளவு தண்ணீர் ஓடினால் நான் வீட்டில் படுத்துத் தூங்குவேன்.

இடையில் உனக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானல் ரோட்டில் பிடிமானம் நன்றாக இருக்கும் என்று ஃபோர் ஹையிலேயே (நாலு சக்கரத்துக்கும் வலு, சாதாரண வேகம்) ஓட்டினேன் என்று பெருமையாகச் சொன்னாயே, காய்ந்த தார் ரோட்டில் அதைச் செய்யாதே. உன் வண்டியிலும் சரி ஜிம்னியிலும் சரி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்றியாக வேண்டும், பின் சக்கரம் குறைவாக. சேற்றில் என்றால் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த ரோட்டில் வழுக்க இடமில்லை, ஷாஃப்ட் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். யு டர்ன் எடுக்கும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது என்றாயே, அது அதுதான்.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருகிறேன். கடைசியில் முடிவு செய்தது நான் இல்லை, அம்மா.

உன் தாரில் மறுநாள் அவரை மதுரைக்குக் கூட்டிப் போகலாம் என்று வாசலில் நிறுத்தினேன். முன்னால் மனைவி உட்காரட்டும், நான் பின்னால் சாய்ந்துகொள்கிறேன் என்று அவரே சொன்னார். பின்னால் போக வழி எது? முன் சீட்டின் பக்கத்தில் இருக்கிற லீவரைத் தூக்கி, சீட்டைக் கவிழ்த்து முன்னால் தள்ளி, அந்தச் சந்தில் காலை வைத்து ஏறி, உடம்பைத் திருப்பி உட்கார வேண்டும். அம்மா புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தார். மறுகாலைத் தூக்க முடியவில்லை. நான் பின்னாலிருந்து தாங்கினேன், மகள் உள்ளிருந்து கையைக் கொடுத்தாள், எதிர்வீட்டு ஆள் வேறு வந்து யோசனை சொன்னார். "கோழியைக் கூடையில் அடைக்கிற மாதிரி என்னை அடைக்காதேடா" என்று சொல்லி இறங்கிவிட்டார். கடைசியில் முன்னால்தான் உட்கார்ந்தார், அதற்கே நான் தூக்கிவிட வேண்டியிருந்தது. வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

ஜிம்னிக்கு ஐந்து கதவு. இரண்டு வண்டியின் நீளமும் ஒன்றே, 3985 மி.மீ., இரண்டிலும் நாலு பேர்தான். ஆனால் ஜிம்னியின் பின் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார் அம்மா, யாரும் தொடவில்லை. உட்கார்ந்ததும் ஜன்னலை இறக்கச் சொன்னார். தாரில் பின் ஜன்னல் இறங்காது, கவனித்திருக்கிறாயா? உன் வண்டியில் பின்னால் உட்காருகிறவர்களைக் கேட்டுப் பார்.

"அப்படியானால் தார் ராக்ஸ் எடு, அதில் ஐந்து கதவு உண்டே" என்று நீ சொல்வாய், தெரியும். பார்த்தேன். நல்ல வண்டி, பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார், டிக்கியும் பெரிது. ஆனால் நீளம் 4428, அகலம் 1870, உன் தாரே போகத் திணறின இடத்தில் அது போகவே போகாது. ஃபோர் வீல் வேண்டுமென்றால் டீசல் மட்டும்தான், 2024-ல் வந்தபோதே அந்த மாடல் 18.79 லட்சத்தில் தொடங்கியது. அவ்வளவு பணத்தைப் போட்டு வண்டி வாங்கிவிட்டு, கல் கட்டை இடித்து வழி விட வேண்டும். அப்பா கட்டினது.

ஜிம்னியில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே கண்டுபிடித்துக் குத்திக் காட்டுவாய். டிக்கி வெறும் 208 லிட்டர், ஒரு மூட்டை வைத்தால் முடிந்தது, பின் சீட்டை மடக்கினால்தான் 332 ஆகும், ஆக மிளகு வருகிற நாளில் அம்மா வர முடியாது. ஸ்டீயரிங் வளைவில் தானாக நேருக்குத் திரும்பி வராமல் சோம்பல் பிடிக்கிறது, முன்னும் பின்னும் ஒரே கட்டை அச்சு என்பதால் மேடு பள்ளத்தில் வண்டி தலையை ஆட்டும். மோதல் சோதனையில் பழைய மூன்று கதவு ஜிம்னிக்கு 2018-ல் யூரோ என்கேப் மூன்று ஸ்டார் கொடுத்தது, தாருக்கு 2020-ல் குளோபல் என்கேப் நாலு. இரண்டும் வேறு வேறு சோதனை, ஒப்பிடக் கூடாது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் மனசு உறுத்தத்தான் செய்தது. ஆறு ஏர்பேக் இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். மைலேஜ் 16.94 என்று போட்டிருக்கிறார்கள், நண்பரிடம் கேட்டேன், மலையும் ஊரும் சேர்த்து 13, 14 என்கிறார். டேங்க் 40 லிட்டர்தான், உன்னுடையது 57. விற்கப் போனால் உன் வண்டிக்கு வாசலில் ஆள் நிற்கும், என்னுடையதற்கு நான் ஆள் தேட வேண்டும். பரவாயில்லை, அப்பா அந்த ஜீப்பை 22 வருடம் வைத்திருந்தார், எனக்கும் அதே புத்திதான்.

ஷோரூமில் விற்பனைப் பையன் மேலே லைட் கட்டை, கதவில் யானை ஸ்டிக்கர், முன்னால் சேற்றில் சிக்கினால் இழுத்துக்கொள்ள வின்ச் என்று வரிசையாக எடுத்து வந்தான். தரை விரிப்பும் சேற்றுத் தடுப்பும் போதும் என்றேன், என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. நிறம் மட்டும் மகள் சொன்னபடி பச்சை. மேனுவல்தான், ஆட்டோமேட்டிக்கில் நாலு கியர்தான் இருக்கிறது, இந்த மலைக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

வண்டி தை முதல் வாரத்தில் வரும் என்கிறார்கள். நீ மாசியில் ஊருக்கு வருவதாகச் சொன்னாய், மிளகு காய்ந்துகொண்டிருக்கும், இரண்டு கிலோ எடுத்து வைக்கிறேன், அது தவிர அந்தக் கோட்டுக்கான பணம் தனி. உன் தாரையும் கொண்டு வா, ஓடை வரைக்கும் நீ முன்னால் போ, எனக்குப் பாதை போட்டுக் கொடு. அதற்கு முன்னால் அந்த சில்வர் ஓக்கின் தாழ்ந்த கிளையை வெட்டி வைக்கிறேன். கல் கட்டுப் பக்கம் இந்தத் தடவை நீயே ஓட்டிக்கொள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். அம்மா உன்னைத் திட்டவில்லை, உன் வண்டியைத்தான்.

உன்,
செல்வம்