உன் அண்ணனின் ஸ்கேன் பற்றி

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் நலம், எனக்கு இந்த வாரம் முழுக்க நைட் டியூட்டி, அதனால்தான் பதில் தாமதம்.

ரிப்போர்ட்டில் வைரல் நிமோனியா, அதாவது வைரஸால் வந்த நுரையீரல் அழற்சி, என்று போட்டுவிட்டு எந்த வைரஸ் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். சிடி படத்தை மட்டும் பார்த்து அதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது மணி. காற்று நிறைந்த நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாக இருக்கும். அவர் படத்தில் இரண்டு பக்கமும், ஓரத்தை ஒட்டி, கீழே முதுகுப் பக்கமாகச் சாம்பல் நிற மங்கல் இருக்கிறது, அதைத்தான் கிரவுண்ட் கிளாஸ் என்று எழுதியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அந்த மங்கலுக்குள்ளேயே ரத்தக்குழாய்களின் கோடுகள் தெரியும், அதாவது காற்றறைகள் இன்னும் முழுக்க அடைபடவில்லை. அடைபட்டுவிட்டால் அந்த இடம் வெளுத்து, கோடுகளும் மறைந்துவிடும், அது கன்சாலிடேஷன்.

கோவிட்டில் பெரும்பாலும் இப்படித்தான் வரும், ஆனால் இன்ஃப்ளுயென்ஸாவிலும் இதே மாதிரி வரலாம். அடினோவைரஸ் சில சமயம் நுரையீரலின் பெரிய பிரிவான ஒரு மடலையே திட்டாக வெளுக்க வைத்து பாக்டீரியா நிமோனியா என்று நினைக்க வைத்துவிடும், பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்து நுரையீரலைத் தொட்டால் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் தெரியும். வைரஸின் பெயரை ஸ்வாப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த 25-க்கு 11 என்ற ஸ்கோர். ஐந்து மடல்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு இடம் பாதிப்பு என்று பார்த்து 0 முதல் 5 வரை போட்டுக் கூட்டுவது, அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்து வீடே அழுதது என்று எழுதியிருந்தாயே, எனக்குத் தாங்கவில்லை. அவர் எப்படி மூச்சு விடுகிறார், ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். எந்த நாளில் எடுத்த படம் என்பதும் முக்கியம். கோவிட்டில் அறிகுறி ஆரம்பித்த முதல் இரண்டு நாளில் படம் சுத்தமாகவே இருக்கலாம், பத்தாம் நாள் வாக்கில்தான் பாதிப்பு உச்சத்துக்குப் போகும்.

படத்தில் தெரியும் அந்த மங்கல் மறைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். ஆள் தேறிவரும்போது மறையவில்லையே என்று நீங்களாக இன்னொரு ஸ்கேனுக்கு ஓடாதீர்கள், டாக்டர் சொன்னால் எடுக்கலாம். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் திரும்பினாலோ மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே.

காய்ச்சல் ஆரம்பித்த தேதியையும் ஸ்வாப் முடிவையும் எனக்கு எழுது, படத்தை இன்னொரு தடவை அதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்