பொதுத்தேர்வு மைய முதன்மைக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவிலேயே குறிப்பிடுகிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககமும் அவற்றுக்கு ஆணை வழங்கிவிடுகிறது. ஆணை உங்கள் மையத்துக்கு வந்தபின் நடப்பதைப் பற்றியே, இந்த மாணவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களாகிய நாங்கள் எழுதுகிறோம்.

எழுதுபவரும் மாணவரும் பல மையங்களில் தேர்வன்று காலையில்தான் சந்திக்கிறார்கள். அந்தப் பாடத்தை நடத்தாத ஆசிரியரைப் போடுவது நியாயமே. ஆனால் கணிதத் தேர்வுக்கு வந்த தமிழாசிரியரிடம் பார்வையற்ற மாணவி, "எக்ஸ் கூட்டல் மூன்று வகுத்தல் இரண்டு" என்றால், இரண்டு எதன் கீழே வரும்? மூன்றுக்கு மட்டுமா, முழுவதற்குமா? "தொகுதி எக்ஸ் கூட்டல் மூன்று, பகுதி இரண்டு" என்று சொல்வதாக முன்பே பேசி வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது. அடைப்புக்குறி, வர்க்கமூலம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். பத்தாம் வகுப்பில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். மூளை முடக்குவாதம் உள்ள மாணவர் அளவுத்திட்டத்தையும் புள்ளிகளையும் சொல்லச் சொல்ல வரைபடத்தாளில் குறிக்க எழுதுபவருக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

எழுதுபவரைத் தேர்வு நடத்துவோரே தரும்போது, இரண்டு நாள் முன்பே மாணவர் அவரைச் சந்திக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். அந்தச் சந்திப்பை உங்கள் முன்னிலையிலேயே நடத்துங்கள். பழைய வினாத்தாள் ஒன்று, அரை மணி நேரம் போதும். ஒத்துவராவிட்டால் ஆளை மாற்றவும் அவகாசம் இருக்கும்.

வினாத்தாள் வாசிக்கும் 10.00 முதல் 10.10 வரையிலான நேரத்தில் எழுதுபவரும் மாணவர் அருகில் இருந்தாக வேண்டும். மற்றவர்கள் கண்ணை ஓட்டி விருப்ப வினாவைத் தேர்ந்துகொள்கிறார்கள். இவர்களுக்கு ஒவ்வொன்றையும் யாராவது படித்துக் காட்ட வேண்டும். தரைத்தளத்தில், கழிப்பறைக்கு அருகே, ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காத தனி அறை கொடுங்கள்.

10.15க்குத் தொடங்கும் மூன்று மணி நேரத் தேர்வு, கூடுதல் ஒரு மணி நேரத்தோடு இவர்களுக்கு 2.15க்குத்தான் முடிகிறது. 1.15 மணி அடித்ததும் விடைத்தாள் கட்டும் வேலை தொடங்கிவிடும். "இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்று வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்ததுமே பிள்ளைகள் பதறி, தெரிந்த விடையையும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அறைப் பக்கம் யாரும் வராமல் பாருங்கள். அவர்கள் கட்டு கடைசியாகச் சேரும் என்பதை வண்டி அனுப்புவோரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

வினாத்தாளில் திருத்தம் வந்தால் வாயால் அறிவிப்பதோடு நிறுத்தாதீர்கள். செவித்திறன் குறைந்த மாணவர் இருக்கும் அறையில் கரும்பலகையில் எழுதி, அவர் பார்த்துவிட்டாரா என்று உறுதிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர்கள் சிலர்