நீள்வாளுக்கு முகமூடி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பாவின் பழைய வாள்வீச்சைக் கற்க நிறையப் பேர் வருவது எனக்கு மகிழ்ச்சி. ஆறு வருடமாக நீள்வாள் பழகுகிறேன். அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

பலரும் முதலில் வாங்குவது ஒலிம்பிக் வாள்வீச்சு முகமூடி. அந்த விளையாட்டின் உடையில் 350, 800 நியூட்டன் (விசையின் அலகு) என்று போட்டிருப்பது துளைபடாமல் தாங்கும் அளவுதான். அடியின் அதிர்ச்சியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒலிம்பிக் வாள்வகைகளில் ஒன்றான எப்பே 770 கிராமைத் தாண்டக் கூடாது. பயிற்சி நீள்வாளோ ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, இரண்டு கையாலும் வீசுவது. பின்மண்டையைச் சாதாரண முகமூடி மூடுவதும் இல்லை. அதற்குத் தனி மேலுறை வேண்டும்.

என் கட்டைவிரல் இரண்டாம் மாதமே முறிந்தது. மெல்லிய தோல் கையுறையோடு, "மெதுவாகத்தானே" என்று இறங்கினோம். தோழி மெதுவாகத்தான் வீசினாள். நான்தான் பயந்து கையை முன்னே நீட்டிவிட்டேன். இரும்புக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம், வாளைப் பார்ப்பது. 1982இல் ரோம் உலக வாள்வீச்சுப் போட்டியில் எதிராளியின் வாள் உடைந்து முகமூடியைத் துளைத்ததில் ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்தார். அதன் பிறகே அந்த விளையாட்டில் உடை, வாள் விதிகள் இறுகின. நம் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் விரிசல், பிசிறு, வளையும் தன்மை மூன்றையும் பார்க்கட்டும். வீசிய வாளைப் பாதியில் நிறுத்தத் தெரியாதவரிடம் இரும்பு வாளைக் கொடுத்துச் சண்டைக்கு இறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி