தேதி கேட்கும் மருத்துவக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் குழுவினருக்கு,

வணக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போன மாதம் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஊன ஓய்வூதிய மனு இரண்டாவது முறையாகத் திரும்பியிருக்கிறது. முடிவு வழக்கமானதுதான்: பணியால் வந்ததும் அல்ல, பணியால் தீவிரமானதும் அல்ல. ஃபைலில் இதற்கு ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சுருக்கம் உண்டு, என்.ஏ.என்.ஏ. ஓய்வு பெற்றவர்கள் வாயில் அது ‘நானா’ ஆகிவிட்டது. யார் பொறுப்பு என்று கேட்டால் ‘நானா?’ என்று திருப்பிக் கேட்பது போலவே இருப்பதால் பெயர் பொருந்திவிட்டது.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரி: ‘காயம் ஏற்பட்ட தேதி பதிவேட்டில் இல்லை.’ இந்த மடல் அந்த ஒரு வரிக்காகத்தான்.

மனுதாரர் விமானப்படையில் வேவு விமானம் ஓட்டியவர் அல்லர். அதை ஓட்டப் போகிறவர்களை, காற்றை உறிஞ்சியெடுத்துத் தரையிலேயே உயரத்தின் அழுத்தத்தை உண்டாக்கும் தாழ்வழுத்த அறைக்குள் உட்காரவைத்துப் பழக்கும் உள் உதவியாளராக இருந்தவர். ஓட்டியவர்களின் மனுக்களும் இதே வரியைச் சுமந்து திரும்பியதைப் பார்த்தவர்கள் நாங்கள். எனவே இருவருக்கும் சேர்த்தே கேட்கிறோம். தேதி கேட்காதீர்கள், மணிக்கணக்கைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை அடி உயரத்தில், எத்தனை முறை என்பதுதான் இந்த வேலையில் காயத்தின் கணக்கு.

உங்களுக்குத் தெரியாத மருத்துவம் இல்லை. ஆனால் கடிதத்தைப் படித்தால் தெரிந்தவர்கள் எழுதியது போல் இல்லை. அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லணையில் தண்ணீர் வந்த அன்றே கடைமடை நனைந்துவிடாது. வயல் வடியும்போதும் அப்படித்தான். தலைமடை வடிந்து காய்ந்த பிறகும் கடைமடையில் கணுக்கால் அளவு நிற்கும். உடம்பில் நைட்ரஜனும் இதே முறையில்தான் வடிகிறது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். தரையில் இருக்கும்வரை அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சும்மா கிடக்கும். வெளியழுத்தம் சட்டென்று குறைந்தால் கரைந்தது குமிழியாகக் கிளம்பும். அதைத் தவிர்க்கத்தான் பறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சுத்த ஆக்ஸிஜனை மட்டும் சுவாசிக்கவைக்கிறார்கள். ரத்தம் தலைமடை, சீக்கிரம் வடிந்துவிடும். கொழுப்பும் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களும் கடைமடை. அவற்றுக்கு ஒரு மணி நேரம் போதாது. மிச்சம் நிற்பதுதான் மேலே போனபின் முழங்காலிலும் தோளிலும் குடையும். நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைக்கும். மூளைக்குப் போனால் பார்வை மங்கும், பேச்சு குழறும், சில சமயம் எதுவுமே தெரியாது. அந்த ‘எதுவுமே தெரியாது’ என்பதுதான் உங்கள் பதிவேட்டில் தேதி இல்லாமல் போனதன் கதை.

அந்த ஒரு மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் என்று நினைத்துவிட வேண்டாம். முகமூடி கன்னத்தில் ஒட்டும் இடத்தில் நாலு நாள் தாடி இருந்தால் போதும், வெளிக்காற்று கசிந்துவிடும். நடுவில் தும்மலுக்கோ மூக்குச் சொறியவோ முகமூடியைத் தூக்கினால் வடித்த வயலில் மறுபடி மடை திறந்த மாதிரி. விமானத்துக்கு நடந்து போகும்போது கையில் ஒரு சிறு ஆக்ஸிஜன் பெட்டி கூடவே போகும். இருக்கையில் உட்காரவைத்து, பெட்டிக் குழாயைக் கழற்றி விமானத்துக் குழாயை மாட்டும் அந்தச் சில விநாடிகளில் ஒரு முழு மூச்சு வெளிக்காற்று உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பக்கத்தில் நிற்கும் தரைப் பணியாளரின் திறமை. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

‘அழுத்த உடை போட்டிருந்தாரே, அப்புறம் எப்படிக் குமிழி வரும்?’ என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டோம். நல்ல கேள்வி. பதிலும் எளிது. வழக்கமான பறப்பில் அந்த உடை உப்புவதே இல்லை. விமானி அறையின் அழுத்தம் போய்விட்டால் மட்டும் உப்பி, ஏறத்தாழ 35,000 அடிக்குரிய அழுத்தத்தில் உடம்பைப் பிடித்து வைக்கும். 63,000 அடிக்கு மேலே வெளியழுத்தம் 47 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே போய்விடுகிறது. உடம்புச் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும் உயரம் அது. அறை உடைந்தால் சுயநினைவோடு கையை அசைக்க 9 முதல் 12 விநாடி. அந்த நொடிக்கான காப்பு அது. மற்ற மணி நேரங்களில் விமானி அறையழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அறையழுத்தம் எவ்வளவு? 70,000 அடிக்கு மேல் பறக்கும் அமெரிக்க யூ-2 வேவு விமானத்தில், பல பத்தாண்டுகளாக, விமானி அறைக்குள் இருந்தது சுமார் 29,000 அடிக்குரிய அழுத்தம். எவரெஸ்ட் உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி, ஒன்பது மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே. எடையைக் குறைக்க மெல்லிய உடற்கூடு கட்டினார்கள். மெல்லிய கூடு அதிக உள்ளழுத்தம் தாங்காது. விமானம் உயரம் போவதற்கான விலையை விமானியின் மூட்டும் மூளையும் கட்டின. 2013 வாக்கில்தான் கூட்டை வலுப்படுத்தி அறை அழுத்தத்தை 15,000 அடிக்குரியதாக மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று யோசித்தாலே இந்த மனுவுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நம் நாட்டிலும் இது புதிய சங்கதி அல்ல. பரேலியில் விமானப்படையின் 102ஆம் படையணி 1981 முதல் 2006 மே 1 வரை மிக்-25 வேவு விமானங்களை ஓட்டியது. கான்பெரா என்ற பழைய விமானம் 2007 வரை பறந்தது. மிக்-25 பறப்பு யூ-2 போல மணிக்கணக்கில் நீளாது. அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம். அதற்காகத்தான் அவரவர் மணிக்கணக்கைப் பாருங்கள் என்கிறோம்.

1996இல் வெளியான ஓர் ஆய்வு யூ-2 ஓட்டிய, ஓட்டிக்கொண்டிருந்த 273 பேரிடம் கேட்டது. நான்கில் மூன்று பேருக்குப் பணிக்காலத்தில் ஒருமுறையாவது குமிழி நோயின் அறிகுறி வந்திருந்தது. பறப்பை மாற்றிக்கொண்டவர்களோ பாதியில் திரும்பியவர்களோ 100க்கு 13 பேர்தான். அறிகுறி வந்த மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு இறங்கியவர்கள். மருத்துவரிடம் முழங்கால் வலி என்று சொன்னால் பறப்பிலிருந்து நிறுத்தப்படுவோம் என்று பயப்படாத விமானி யார்? வலி கீழே இறங்க இறங்கத் தானாகவே போய்விடும் என்பதால் மறைப்பதும் சுலபம். தேதி இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்களே, தேதி எழுதவிடாத வேலை அது.

2013இல் வந்த இன்னோர் ஆய்வு 102 யூ-2 விமானிகளின் மூளை எம்.ஆர்.ஐ. படங்களை, விமானம் ஓட்டாத 91 பேரின் படங்களோடு ஒப்பிட்டது. மூளையின் வெள்ளைப் பகுதியில் தெரியும் புள்ளிகள் விமானிகளிடம் எண்ணிக்கையில் சுமார் மூன்று மடங்கு, கன அளவில் சுமார் நான்கு மடங்கு. மறு ஆண்டே தாழ்வழுத்த அறைப் பணியாளர்கள் 83 பேரைப் பார்த்தார்கள். வேவு விமானத்தில் பறக்காத அவர்களுக்கும் புள்ளிகள் அதிகம்.

எங்கள் மனுதாரரின் படத்திலும் அதே புள்ளிகள். நீங்கள் எழுதியது: ‘வயது காரணமான மாற்றம்.’ வயதால் வரும் புள்ளிகள் பெரும்பாலும் மூளையின் முன்பகுதியில் சேரும். அந்த விமானிகளின் புள்ளிகள் மூளை முழுவதும் பரவலாக இருந்தன. இவருடைய புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று உங்கள் குறிப்பில் ஒரு சொல் இல்லை. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் ஒற்றைத் தலைவலியும் புள்ளி தரும் என்று எங்களுக்கும் தெரியும். அப்படியானால் பணிக்கால வருடாந்திர மருத்துவச் சோதனைகளை எடுத்து, கொதிப்பு இருந்ததா என்று பார்த்து எழுதியிருக்கலாமே.

அறைக்குள் என்ன வேலை என்று ஒரு நிமிடம் பாருங்கள். 25,000 அடி. பயிற்சிக்கு வந்தவர் முகமூடியைக் கழற்றுகிறார். கையில் தாளும் பென்சிலும். 100இலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். 93, 86, 79, 72 என்று நன்றாகத்தான் போகும். மூன்றாவது நிமிடத்தில் 72க்குப் பக்கத்தில் மறுபடி 72 எழுதிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிரிப்பார். நகம் நாவல்பழ நிறத்துக்கு வந்திருக்கும். முகமூடியை மாட்டு என்றால் கேட்காது, கை நீளாது. எழுந்து போய், குனிந்து, அவர் தலையைப் பிடித்து மாட்டிவிடுவது உள் உதவியாளர். அந்த உயரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரைவிட உடம்பை அசைத்து வேலை செய்பவருக்கே குமிழி அதிகம் கிளம்பும். பயிற்சிக்கு வந்தவர் ஒருமுறை மேலே போய்வந்து சான்றிதழோடு ஊருக்குப் போய்விடுவார். உதவியாளர் அடுத்த அணியோடு மறுபடி மேலே போவார், வருடக்கணக்கில். விமானிக்காவது பறப்பு ஏடு என்று ஒன்று கையில் இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை.

இராத்திரி தூக்கத்தில் காது அடைத்து வலிப்பது, பல்லில் பழைய அடைப்புக்குக் கீழே காற்று விரிந்து உயிர் போவது, முதல் நாள் மொச்சையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு மேலே போனால் வயிறு படும் பாடு, இவற்றையெல்லாம் நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. தொழில் என்றால் இருக்கும்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒரு மீட்டராவது இருக்கிறது. கைப்பிடி நெல்லைப் போட்டு எண்ணைக் காட்டிவிட்டுத்தான் திருப்புகிறார்கள். நீங்கள் எதைப் போட்டு அளந்தீர்கள்? ஊனத்தின் அளவு மட்டும் எப்படியோ 15-19 சதவீதத்தில் போய் நிற்கிறது. ஓய்வூதியம் 20இல் தொடங்குகிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்றே நம்ப விரும்புகிறோம். தஞ்சாவூர் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய் படையணி வந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. இன்றைக்கும் சத்தம் கேட்டால் நடவு வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். மேலே போகிறவரைப் பார்க்க எல்லோருக்கும் கழுத்து வளைகிறது. இறங்கி வந்தவரின் ஃபைலைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவர், பணியில் இருந்தபோது நோய்ப்பட்டால், அது பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிறுவும் பொறுப்பு அரசுடையது, ஆம் என்று நிறுவும் பொறுப்பு மனுதாரருடையது அல்ல. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. எங்கள் மனுதாரர் அதற்கு வெகு காலம் முன்பே ஓய்வு பெற்றவர், பழைய விதிதான் அவருக்கு. பணிக்காலத்திலேயே அவர் மறதிக்காகவும் தலைசுற்றலுக்காகவும் மருத்துவமனைக்குப் போன சீட்டுகள் ஃபைலில் 4ஆம் இணைப்பாக இருக்கின்றன. தயவுசெய்து அதைப் புரட்டுங்கள்.

மேல்முறையீட்டில் நரம்பியல் நிபுணர் ஒருவரோடு விண்வெளி–வான்பயண மருத்துவம் படித்த ஒருவரும் உட்கார வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் எழுதப்பட வேண்டும். முடிவு எதுவாக இருந்தாலும் காரணம் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பவும் சொல்கிறோம், தேதி கேட்காமல் மணிக்கணக்கைக் கேளுங்கள். இப்போது பணியில் இருக்கும் அறை உதவியாளர்களுக்கும் விமானிகளைப் போல ஓர் ஏடு கொடுத்து, உயரத்தையும் நிமிடத்தையும் எழுதச் சொல்லுங்கள். இருபது வருடம் கழித்து இன்னொரு குடும்பம் இதே மடலை எழுதாமல் இருக்கும்.

மனுதாரருக்கு இப்போது தனியாக ரயில் ஏற முடியாது. கும்பகோணம் நிலையத்தில் நடைமேடை மாறினாலே எங்கே போகிறோம் என்பது மறந்துவிடுகிறது. நேரில் வரச் சொல்வதானால் துணைக்கு ஒருவரை அனுமதித்து, ஊருக்கு அருகில் உள்ள இராணுவ மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

அறை இயக்கப் பதிவேட்டின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதியிருக்கிறோம். உள்ளே போனவர் பெயர், உயரம், ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வந்ததும் உங்களுக்கு அனுப்பிவைக்கிறோம். நீங்கள் கேட்ட தேதியும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது, எந்த வரி என்று எங்களாலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உயர்வானப் பணியிலும் தாழ்வழுத்த அறைப் பணியிலும் இருந்து ஓய்வு பெற்ற சிலர்,
தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி.