அமுக்கிய எழுத்தும் ஒடுங்கிய எழுத்தும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு மலரின் தலைப்புகள் பழைய அச்சகச் சாயலுள்ள தடித்த, ஒடுங்கிய எழுத்துக்கு மாறியிருப்பதை வரவேற்கிறேன். நீளமான தமிழ்ச் சொற்கள் இரண்டு பத்தி அகலத்தில் அடங்க அதுவே வழி. ஆனால் இப்போது வருவது வழமையான தடித்த எழுத்தைக் கணினியில் 70 வீதத்துக்கு அமுக்கியது போல் தெரிகிறது. கொழும்பில் மும்மொழி அறிவித்தல்கள் பலவற்றிலும் தமிழ் வரிக்கு இதே கதிதான்.

அமுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலியும். கிடைக்கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கும். க, த, ச மூன்றிலும் தலைக்கோடு பாரமாகி, கால்கள் சோர்ந்து தெரிவது அதனால்தான். அதைவிடப் பெரிய தீங்கு சுழிகளுக்கு. பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சிப் பரவவிடும். ஒடுங்கிய சுழிக்குள் மை அடைத்தால் ண என்பது ன ஆகிவிடும். நெடில் விசிறியின் சுழி மூடி 'கீழ்' என்பது 'கிழ்' ஆகிவிடும். மணமக்கள் விளம்பரத்தில் 'மணம்' 'மனம்' ஆவதை யார் பொறுப்பார்கள்?

1845 இல் லண்டனில் றொபேட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட கிளாரண்டன் எழுத்தே சற்று ஒடுங்கிய தடித்த எழுத்துத்தான். ஈயத்தை அமுக்க முடியாது. ஒவ்வோர் அளவுக்கும் தனியாக வெட்டவேண்டும். அந்தக் கால எழுத்தின் கம்பீரம் அந்த உழைப்பில் வந்தது.

கிளாரண்டனின் அடிக்கட்டைகளை, அதாவது கோடுகளின் நுனியில் வரும் சிறு குறுக்குக் கோடுகளை, தமிழில் அப்படியே ஒட்டுவதும் ஆபத்து. அரவின் (ா) அடியில் சிறு கோடு விழுந்தால் அதை ர என்றே வாசிப்போம். பழைய சாயலைத் தமிழுக்குத் தருவது கோடுகளின் தடிப்பு வேறுபாடும், ஆப்புப்போல் முடியும் நுனிகளும்.

இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் அகலத்தை வழமையான அகலத்தின் 62.5 வீதம் வரை குறைக்கலாம். கோடுகள் அதற்கேற்ப வரையப்பட்டுள்ளன. தலைப்புக்கு 75 வீதம் போதும். அது யுனிகோட் எழுத்துரு. யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கங்களை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றவேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

எழுத்திடைவெளியைக் குறைத்து இன்னும் நெருக்கவேண்டாம். கூட்டினாலோ 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். 40 பொயின்ட் தலைப்புக்கு வரியிடைவெளி 48 பொயின்டாவது வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் 'ளு' கீழ்வரியின் குற்றில் (மெய்யெழுத்தின் மேற்புள்ளியில்) முட்டும். தலைப்புக் கறுப்பைத் தனிக் கறுப்பாகவே விடுங்கள். நான்கு நிறக் கலவையென்றால் பிளேட் சற்று விலகினாலே ஓரத்தில் நிறம் கசியும். தேய்ந்த அச்சுப்போல் காட்டும் பொத்தல் வேலையும் வேண்டாம். தாளும் மையும் அந்தச் சொரசொரப்பைத் தாமாகவே தரும், சிறிய தலைப்புகளில் பொத்தல்கள் வெறும் அழுக்காகவே விழும்.

அடுத்த மலருக்கு முன், இயந்திரத்தில் ஓடும் அதே தாளில் 'மண்', 'கீழ்', 'ஞானம்', 'கொழும்பு', 'கேள்வி' ஆகிய ஐந்து சொற்களை 24, 36, 48 பொயின்ட்களில் அடித்துப் பாருங்கள். லேசர் பிரதியில் இந்தக் குறை தெரியாது.

பக்க வடிவமைப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13